தடுப்புச் சுவரில் ஓர் இடைவெளி

விசில் சத்தம் காதைக் கிழித்தது.

“பஸ் நிக்கட்டும். கார் வா, வா, வா.”

தர்யோனோ கையை நீட்டியபடி நகரப் பேருந்தின் மூக்குக்கு முன்னால் போய் நின்றார். சாலையின் நடுத் தடுப்பில் இருந்த இடைவெளி வழியே ஒரு வெள்ளைக் கார் சாவகாசமாகத் திரும்பியது. கண்ணாடி இறங்கி, இரண்டாயிரம் ரூபியா நோட்டு ஒன்று அவர் கைக்கு வந்தது. அவர் போலீஸ் இல்லை; இப்படிக் கார்களைத் திருப்பிவிட்டுக் கிடைக்கும் காசுதான் அவர் பிழைப்பு. பின்னாலேயே இன்னும் மூன்று கார்கள்.

பேருந்து கிளம்பியதும் கினாசி நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தினாள். மூன்று நிமிடம் ஐம்பது வினாடி தாமதம்.

இந்தோனேசியாவின் செமாராங் நகரப் போக்குவரத்து அலுவலகத்தில் சாலைத் திட்டம் போடுபவள் அவள். நடுத் தடுப்பை ஒட்டிப் பேருந்துக்கென்று தனித்தடம் வரவேண்டும் என்றால் இந்த இடைவெளியை மூடியாக வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் ஒருமுறை மூடினார்கள். வைத்த கான்கிரீட் கட்டைகள் மூன்றே நாளில் காணாமல் போயின.

“அந்த விசில்காரன் சம்மதம் இல்லாம அங்க ஒண்ணும் நிக்காது. இன்னிக்குள்ள அவன் கையெழுத்து வரலேன்னா, அந்தத் தெருவையே திட்டத்திலேருந்து எடுத்துடுவேன்” என்று மேலதிகாரி காலையில் போனில் சொல்லிவிட்டார்.

“என்ன இபு, விடிஞ்சதுலேருந்து கடிகாரமும் கையுமா நிக்கறீங்க. ஓட்டப் பந்தயமா?” தர்யோனோவே பேச்சை ஆரம்பித்தார். அங்கே பெண்களை மரியாதையாக ‘இபு’ என்பார்கள், ஆண்களை ‘பாக்’ என்பார்கள்.

“பஸ்ஸுக்கும் காருக்கும் பந்தயம், பாக். தினமும் பஸ்தான் தோக்குது.”

“சரி, நான் நடுவர்.”

“நீங்கதான் தோக்கடிக்கறீங்க.”

அவர் சிரித்தார். “நான் கையை நீட்டலேன்னா நாலு காரும் ஒண்ணா நுழைஞ்சு மாட்டிக்கும். அப்பறம் அரை மணி நேரம் பஸ் அசையாது. நான் வீட்டுக்குப் போயிட்டா, பத்து நிமிஷத்துல வேற ஒருத்தன் விசிலோட வந்து நிப்பான்.”

“அதனாலதான் மூடணும்கறேன். போன தடவை அந்தக் கட்டைகளை எடுத்தது யாரு?”

“அதுக்குக் கால் முளைச்சுப் போயிடுச்சு.”

கினாசி சிரிக்கவில்லை. சாலையோரம் நின்ற காப்பி வண்டியின் பலகைமேல் வரைபடத்தையும் சம்மதக் கடிதத்தையும் விரித்தாள்.

“மறைக்காம சொல்லிடறேன், பாக். இதை மூடினா ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நாலு நிமிஷம் மிச்சம். காருங்க முன்னூறு மீட்டர் தள்ளி சிக்னல்ல திரும்பும். உங்க பிழைப்பு போகும். புது நிறுத்தத்துல ஆளுங்களை வரிசையா ஏத்திவிட ஒருத்தர் வேணும். உங்க பேரை எழுதிக் கொடுப்பேன். கிடைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்.”

“பொய் சொல்லாத ஆபீசரை இப்பத்தான் பாக்கறேன்” என்ற தர்யோனோ, வரைபடத்தின்மேல் குனிந்தார். “இப்ப போச்சே, அந்த ஆறே முக்கால் பஸ். அது ஏழரைக்குள்ள கடைசி நிறுத்தம் போயிடுமா?”

“போயிடும்.”

“மழை பெஞ்சா?”

“மழையிலயும். தனித்தடம் ஆச்சே.”

“யாராவது ரோட்டுல கல்யாணப் பந்தல் போட்டா?”

“அனுமதி தர மாட்டோம்.”

“நீங்க தர மாட்டீங்க. அவங்க போடுவாங்க.”

“நானே வந்து பிரிப்பேன்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். “பேனா குடுங்க.”

சம்மதக் கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. முழுப் பெயர், வீட்டு விலாசம், கீழே தேதிகூட. நாள் முழுக்க மல்லுக்கட்டத் தயாராக வந்திருந்த கினாசிக்கு நம்ப முடியவில்லை.

“பதினோரு வருஷமா நிக்கற இடம், பாக். ஒரு நாள் யோசிச்சுப் போட்டிருக்கலாமே?”

“நாள் இல்லை, இபு. இந்த மாசம் அந்தப் பஸ் லேட்டுனு ரெண்டு எச்சரிக்கை வந்தாச்சு. மூணாவது வந்தா ஓட்டுநருக்கு வேலை போயிடும்.”

“அந்த ஓட்டுநர் உங்களுக்குத் தெரிஞ்சவரா?”

தர்யோனோ விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினார்.

“என் வீட்டுக்காரி.”