தலையணையின் நாடி

ஊரடங்கில் நர்சிங் வகுப்பு செல்போனுக்குள் வந்துவிட்டது. மலையைப் பார்த்த வேங்கிக்கால் வீட்டு மாடியறையில் ரூபீனாவுக்கு நோயாளியாகக் கிடைத்தது ஒரு தலையணைதான்.

"ஆளத் தொடாம என்னத்த மேடம் கத்துக்கறது?" என்று சலித்துக்கொண்டாள்.

"இருக்கறத வச்சி செய்ம்மா" என்றார் ஆசிரியை.

அன்று நாடி பார்க்கும் பாடம். தலையணையின் மூலையை மணிக்கட்டாக நினைத்து மூன்று விரல் வைத்தாள். துடித்தது.

"எழுபத்திரண்டு மேடம்."

"நார்மல்" என்று ஆசிரியை அடுத்த பெண்ணை அழைத்தார்.

மறுநாளும் எழுபத்திரண்டுதான்.

கல்லூரி திறப்பதாகச் செய்தி வந்தது. பெட்டி கட்டும்போது தலையணையைத் தொட்டுப் பார்த்தாள். நூற்றைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மலை மேகத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. பெட்டியை விட்டுவிட்டு அருகில் உட்கார்ந்தாள்.

"பயப்படாத, லீவுக்கு வந்துடுவேன்."

விரலடியில் துடிப்பு மெல்ல மெல்ல எழுபத்திரண்டுக்கு இறங்கியது.