கெண்டைக்கால்

நுரையீரல் ஆபரேஷன் முடிந்த நான்காம் நாள், ஜெபராஜுக்குக் கெண்டைக்கால் வலித்தது. ரத்தம் கட்டாமலிருக்க நர்ஸ் மாட்டிவிட்டிருந்த இறுக்கமான சாக்ஸால்தான் வலி என்று நினைத்து, அப்பா ஞானதிரவியம் அதைக் கழற்றிவிட்டுக் காலை மடியில் தூக்கிவைத்து அமுக்கினார். மீசை முளைத்த பிறகு மகனை அவர் தொட்டதே இல்லை.

"சொகமா இருக்குப்பா," என்று கண்ணை மூடினான்.

பத்தே நிமிடத்தில் மூச்சுத் திணறி அடங்கிவிட்டான்.

"கால்ல கட்டுன ரத்தம் நகந்து நுரையீரலை அடைச்சிருக்கு," என்றார் டாக்டர். "யாராச்சும் காலை அமுக்குனீங்களா?"

"இல்லைய்யா." ஞானதிரவியம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மறுநாள் உடலைப் பெட்டியில் வைக்கத் தூக்கும்போது மைத்துனர் கூப்பிட்டார்.

"அத்தான், நீங்க கால் பக்கம் பிடிங்க."

பின்னால் கட்டிய கைகளை அவர் எடுக்கவில்லை.