சத்தியம் வாங்கிய ஸ்கேன்

குணசேகரனின் விலாவில் கருவியை வைத்து எடுத்த ஸ்கேனைப் பார்த்து டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "கொழுப்பு மட்டுமில்ல, ஈரல் தழும்பேறி இறுக ஆரம்பிச்ச மாதிரி காட்டுது. குடியை விட்டுருங்க."

குணசேகரன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான். "பிரகதாம்பாள் சத்தியமா இனிமே தொடமாட்டேன், பொன்னுத்தாயி!"

பத்து வருஷமாக அந்த வார்த்தைக்குக் காத்திருந்த பொன்னுத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கணவன் மருந்துக் கடைக்குப் போனதும் நர்ஸ் அவளிடம் வந்தாள். "அக்கா, வெறும் வயித்துலதானே கூட்டியாந்தீங்க? சாப்பிட்டு வந்தா ஈரல் இறுக்கத்தை ஸ்கேன் கூடுதலாக் காட்டும்னு போன்லயே சொன்னேனே."

பொன்னுத்தாய் குரலைத் தாழ்த்தினாள். "சொன்னே ஆத்தா. அதக் கேட்டுட்டுத்தான் எட்டு இட்லியத் திங்க வச்சுக் கூட்டியாந்தேன். அடுத்த மாசம் பட்டினி போட்டுக் கூட்டியாரேன். அதுவரைக்கும் அந்த மனுசன் பயந்தே இருக்கட்டும்."