கதவு சாத்தும் சத்தம்

கோவென்ட்ரியில் கிறிஸ்துமஸ் பகல். தூறலில் இரண்டு கார்கள் ஒட்டி நிற்கின்றன. ஒன்று, ரேமண்டின் மனைவியின் தம்பி க்ளைவுடைய ஜெர்மன் கார். மற்றது, ரேமண்ட் தான் வேலை செய்யும் கார் ஆலையிலிருந்து ஓட்டி வந்திருக்கும், கம்பெனி மேலதிகாரிகள் வாங்கும் ரகப் புது ஆங்கிலக் கார். அதன் கதவுகளுக்கு ரப்பர் பொருத்துவதுதான் அவன் வேலை. பன்னிரண்டு கிறிஸ்துமஸாக க்ளைவ் தன் கதவைச் சாத்திக் காட்டி, "இது கதவு மச்சான். நீங்க செய்யறது தகர டப்பா" என்று சிரித்திருக்கிறான். வீட்டுக்குள் வான்கோழி ஆறுகிறது. "இதைச் சாத்துடா மாப்ளே" என்கிறான் ரேமண்ட், புதுக் காரின் கதவைத் திறந்து. க்ளைவ் சாத்துகிறான். தலையணையில் தலை சாய்வது போல ஒரு சத்தம். க்ளைவின் காதுமடல் சிவக்கிறது. "சரி, என்னுதை விட நல்லாத்தான் இருக்கு. சாப்பிடப் போலாம் வாங்க." ரேமண்ட் கதவை மறுபடி அகலத் திறந்து பிடிக்கிறான். "ஒண்ணு ஆச்சு. இன்னும் பதினொண்ணு இருக்கு."