உள்ளங்கை ஈரம்

"நாங்கன்னா அவருக்கு அத்தனை எளப்பமாங்க, சிஸ்டர்?"

சென்றாயன் கேட்டபோது நர்ஸ் கிருஷ்ணகுமாரி அவர் மகளின் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கொல்லிமலை மேல் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் கம்பவுண்டர் அர்த்தனாரி, கீழ்நாட்டுக்காரர். மலைக்காரர் யார் கையிலும் மாத்திரை கொடுத்ததில்லை. ஜன்னல் பலகையில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்.

அன்று சென்றாயனின் மகள் காய்ச்சலில் தள்ளாடி கம்பவுண்டரின் காலடியிலேயே விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. அப்போதும் அவர் கை நீட்டவில்லை.

"சொல்ல வேண்டாம்னு இருந்தேன்" என்றாள் கிருஷ்ணகுமாரி. "அது அவருக்கு ஒரு வியாதிங்க. உள்ளங்கையில சொட்டச் சொட்ட வேர்க்கும். அதனாலதான் யாரையும் தொடக் கூச்சப்படுறாரு. எங்கிட்டச் சொல்லி அழுதுருக்காரு."

சென்றாயனின் முகம் வாடிப்போனது.

"அட சாமி! தெரியாம வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டனே."

"கோயமுத்தூர்ல ஆபரேஷன் வச்சிருக்காங்க. கக்கத்துல சின்ன ஓட்டை போட்டு, நெஞ்சுக்குள்ள கேமராவ விட்டு, டிவியில பாத்துக்கிட்டே வேர்க்க வைக்கிற நரம்ப வெட்டுவாங்களாம்."

"நெஞ்சுக்குள்ளயா? உசுருக்கு ஒண்ணும் ஆயிடாதுங்களே?"

மகளுக்குக் காய்ச்சல் விட்டதும் அவளைக் கூட்டிக்கொண்டு அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனார் சென்றாயன். கம்பவுண்டர் பேரைச் சொல்லி விளக்குப் போட்டார்.

அடுத்த மாதம் அர்த்தனாரி திரும்பி வந்தார். வந்ததும் வராததுமாக இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"பாருங்க சிஸ்டர், சொட்டு ஈரம் இல்ல! மயக்கம் தெளிஞ்சு கண்ணு முழிக்கிறேன், கை காஞ்சு கெடக்கு. பொறந்ததுலேருந்து நான் இதப் பாத்ததே இல்லீங்க."

சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. கிருஷ்ணகுமாரிக்கும்தான்.

அந்த நேரம் பார்த்து ராசிபுரத்து ரோடு கான்ட்ராக்டர் நலம் விசாரிக்க வந்தார். அர்த்தனாரி எழுந்து ஓடி அவர் கையைப் பற்றினார். பேசி முடிக்கும்வரை விடவே இல்லை.

ஜன்னலுக்கு வெளியே மகளுடன் நின்ற சென்றாயன் அதைப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லாயிட்டீங்களா சார்! எம்புள்ளகூட உங்களுக்காகச் சாமி கும்புட்டாளுங்க."

சொல்லிக்கொண்டே கம்பிகளுக்கு நடுவே கையை உள்ளே நீட்டினார்.

அர்த்தனாரியின் கைகள் சட்டென்று முதுகுக்குப் பின்னால் போயின.

"சரி சரி. பிள்ளைக்கு மருந்து அங்க வச்சிருக்கேன், எடுத்துக்கிட்டுப் போ."

நீட்டிய கை சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக வெளியே போய்விட்டது.

கிருஷ்ணகுமாரி வாசலுக்கு ஓடினாள்.

சென்றாயன் மகளை அணைத்துக்கொண்டு சொன்னார்:

"விடுங்க சிஸ்டர். பாவம், அவருக்கு இன்னும் கொணமாகலீங்க."