ஏழுகல் மூக்குத்தி

மூத்தவள் செண்பகம் இறந்துபோனது அம்மாவின் மனதில் பதியவே இல்லை. வயதாகி ஞாபகம் தடுமாறியிருந்த அவள், "மூக்குத்தி போட்ட புள்ள வந்து ஊட்டட்டும்" என்று உதட்டை இறுக்கிக்கொண்டாள். இளையவள் உலகம்மாள் கெஞ்சினாள், அழுதாள், ஒருமுறை அதட்டியும் பார்த்தாள். அம்மா வேற்றாளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாப்பிடாமல் அவள் கைகள் குச்சியாகிவிட்டன.

உலகம்மாள் நகைக்கடைக்குப் போய் மூக்குக் குத்திக்கொண்டாள். கடைக்காரர் ஒரு மெல்லிய தங்க வளையத்தை எடுத்தார்.

"புதுசாக் குத்துன மூக்குக்கு இதுதாம்மா தோது. ஆறுனப்புறம் கல்லு வச்சது போட்டுக்கலாம்."

"ஏழு கல்லு வச்சது குடுங்க. அக்கா அதான் போட்டிருந்தா."

"அதுக்குத் தண்டு தடிமன். புண்ணாயிரும்."

"ஆகட்டும்ணே. எங்கம்மா சாப்பிடணும்."

அவர் தயங்கித் தயங்கித் திருகினார். ரத்தம் உதட்டில் இறங்கியது. துடைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

அம்மா நெடுநேரம் அவள் முகத்தையே பார்த்தாள். "செண்பகம், எங்கட்டி போயிருந்தே?" என்று கன்னத்தைத் தடவினாள். கஞ்சிக்கு வாயைத் திறந்தாள். மூக்கு விண்விண்ணென்று தெறிக்க, உலகம்மாள் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். கிண்ணம் பாதியானபோது அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உலகு எங்க? அவ சாப்பிட்டாளா?"

உலகம்மாள் மறுகையால் அம்மாவின் வாயைத் துடைத்துவிட்டாள். "வெளிய போயிருக்காம்மா. வந்துருவா. நீ சாப்பிடு."

"அவ வரட்டும். அவளுக்கு வச்சுட்டு மிச்சத்தைக் குடிக்கேன்" என்று சொல்லிவிட்டு, அம்மா வாசலைப் பார்க்கத் தொடங்கினாள்.