திரும்பாத சாவி

“சாவி உள்ள போகவே மாட்டேங்குதுப்பா!”

காருக்குள்ளிருந்து செபாஸ்டின் குரல் கொடுத்தான். வாசலில் விடைபெற்றுக்கொண்டிருந்த கஸ்பாருக்கு எரிச்சலாக வந்தது.

பாலக்கோட்டிலிருந்து கம்பைநல்லூருக்கு மகனுக்குப் பெண் பார்க்க வந்திருந்தார். பெண் லூர்துமேரி பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவாள் என்று அவள் அப்பா மதலைமுத்து சொன்னதுமே கஸ்பாருக்கு மனசு விட்டுப்போயிற்று.

“போனா போகட்டுமேப்பா” என்று செபாஸ்டின் மெல்லச் சொன்னான். அவனை ஒரே பார்வையில் அடக்கிவிட்டு, “வூட்டுக்குப் போயிக் கடுதாசி போடறோம்ங்க” என்று எழுந்துவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இப்போது பார்த்து வண்டி மக்கர் செய்கிறது.

“வரும்போது நல்லாத்தானடா இருந்துச்சு?”

“உள்ள என்னமோ அடைச்சிருக்குப்பா. பாதிக்கு மேல போகல.”

“சேலத்துக் கம்பெனிக்குப் போன் போட்டு ஆள வரச் சொல்லுவோம். புதுப் பூட்டே மாத்திடட்டும்.”

“ஞாயித்துக்கெழமை எவன்ப்பா வருவான்? வந்தாலும் நூறு ரூபா தீட்டிடுவான். நானே எடுத்துடறேன்.”

வேறு வழியில்லை. கஸ்பார் மறுபடியும் அந்த வீட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

சாவித் துவாரத்தில் விட லூர்துமேரி காருக்குத் தேங்காய் எண்ணெய் கொண்டுபோனாள். அப்புறம் பென்சில் கரியைச் சுரண்டி ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

“நேரமாச்சுங்கண்ணா, ஒரு வாய் சாப்புடுங்க” என்றாள் பெண்ணின் அம்மா ராயம்மாள்.

“வேணாம்ங்க.” சம்மதம் சொல்லாத வீட்டில் எப்படிக் கை நனைப்பது?

ஒன்றரை மணி நேரம் போயிற்று. கூலி வேலை செய்யும் காசியம்மாள், பட்டாளத்திலிருக்கும் மகன் எழுதிய கடிதத்தோடு வந்தாள். லூர்துமேரி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசித்தாள். அவன் கேட்கிற இடத்தில் கேட்கிற மாதிரி, கெஞ்சுகிற இடத்தில் கெஞ்சுகிற மாதிரி. ‘மழை பேஞ்சுதா ஆத்தா, ஆடு குட்டி போட்டுதா?’ என்ற இடத்தில் அந்த மகனே எதிரே வந்து நின்றதுபோல் இருந்தது.

“இன்னொருக்கா படி கண்ணு.”

படித்தாள். மூன்றாம் முறையும் முகம் கோணாமல் படித்தாள்.

கஸ்பாருக்கு எழுத்து தெரியாது. பெங்களூரில் கட்டிக்கொடுத்த மகள் நாலு பக்கம் எழுதுவாள். செபாஸ்டின் அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்காளாம்ப்பா” என்று ஒரே வரியில் முடித்துவிடுவான். மிச்சம் மூன்றே முக்கால் பக்கத்தில் மகள் என்ன எழுதியிருப்பாளோ என்று ராத்திரியெல்லாம் யோசித்துக்கொண்டு கிடப்பார்.

காசியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். லூர்துமேரி கை துடைக்க ஒரு துண்டை எடுத்துக்கொண்டு காரிடம் போனாள்.

கஸ்பார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஏங்க... எனக்கு ஒரு எலை போடுங்க.”

ராயம்மாள் கையிலிருந்த செம்பு நழுவப் பார்த்தது. மதலைமுத்து எழுந்தே நின்றுவிட்டார்.

“வேலைக்கெல்லாம் போகட்டுங்க. சாயங்காலம் வந்து எனக்கும் ஒரு கடுதாசி படிச்சுக் காட்டுனாப் போதும். இருங்க, பையனையும் சாப்புடக் கூட்டியாறேன்.”

கஸ்பார் காரை நெருங்கினார். செபாஸ்டின் இன்னும் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்துகொண்டிருந்தான். ஜன்னலோரம் நின்றிருந்த லூர்துமேரியின் தணிந்த குரல் கேட்டது.

“சின்ன ஈர்க்குச்சித் துண்டுதானங்க ஒடிச்சு வெச்சேன்! அத எடுக்க ரெண்டு மணி நேரமா?”

“அது மொதக் குத்துலயே வெளிய வந்துடுச்சுங்க” என்றான் செபாஸ்டின்.